பள்ளிக்குச் சைக்கிள்: இன்னும் ₹1,47,000 தேவை

ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் உழைக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஜூனில் பள்ளி திறக்கிறது. பழைய சைக்கிள்களைச் சீராக்கி ஆறு முதல் பத்து வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும், அவற்றை நிறுத்தப் பள்ளியில் கொட்டகை போடவும் பணம் சேர்த்துவருகிறோம். மே 25-க்குள் முன்பணம் முழுசாக வந்தால்தான் சைக்கிள் கொட்டகை வேலையைத் தொடங்குவேன் என்று பட்டறைக்காரர் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, ஏற்கெனவே தவணை கொடுத்துப் பொறுத்தவர்தான்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்குச் சைக்கிளின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1991-இல் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். கல்குவாரியில் வேலை பார்த்தவர்கள், வயல்வேலைக்குப் போனவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கில் ஏறி மிதித்தார்கள். கேலி பேசியவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பார் வைத்த சைக்கிளையே ஓட்டினார்கள். பிள்ளையை முன்னால் உட்காரவைக்க அதுதான் வசதி என்று சொன்னவர்களும் உண்டு! 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் சைக்கிளில் அணிவகுத்தார்கள். அந்தக் காலத்தில் பழகியவர்கள் நம் தெருக்களில் இன்று பாட்டிகளாக இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், லேசில் விடமாட்டார்கள்.

அவர்களுடைய பேத்திகள் இன்று ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறார்கள், இல்லையென்றால் அப்பாவின் பைக்கில். பள்ளி இருப்பது மூன்றரை கிலோமீட்டரில். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்கும்படி உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2019-இல் அது வெளியிட்ட ஆய்வின்படி, உலகில் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேர் அந்த அளவை எட்டவில்லை. பெண் பிள்ளைகள் இன்னும் பின்தங்கியிருக்கிறார்கள். சைக்கிளில் போய்வந்தாலே அதில் பாதி நேரம் கணக்கில் வந்துவிடும். ராத்திரி நல்ல தூக்கம் வரும், மனசும் லேசாகும். வயதுக்கு வந்ததும் மகளின் சைக்கிளை ஓரங்கட்டி வைக்கும் வீடுகள் நம் ஊரிலும் இருக்கின்றன. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

பதினொன்றாம் வகுப்பில் அரசு விலையில்லா சைக்கிள் தருகிறது. ஆறு முதல் பத்து வரை படிப்பவர்கள் என்ன செய்வார்கள்? படித்து முடித்தவர்களின் சைக்கிள்களோ மாட்டுக்கொட்டகைகளில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. வீடு வீடாகக் கேட்டு 85 சைக்கிள் சேர்த்திருக்கிறோம். டயர், டியூப், செயின், பிரேக் கட்டை எல்லாம் மாற்ற ஒரு சைக்கிளுக்கு ₹1,400 வீதம் ₹1,19,000 ஆகும். பள்ளியில் தகரக் கொட்டகைக்கு ₹1,85,000. கண்மாய்க்கரை வளைவில் மூன்று சோலார் விளக்குகளுக்கு ₹54,000. மொத்தம் ₹3,58,000. வந்திருப்பது ₹2,11,000.

அதைக் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் மேலே போகக் கூடாது. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் ஓவர்டைம் பார்த்து மாதாமாதம் அனுப்பும் தம்பிகளுக்கும், நூறு நாள் வேலைக் கூலியில் ஆளுக்கு ₹100 எடுத்துவைத்த தாய்மார்களுக்கும், முதல் ஓய்வூதியத்தை அப்படியே தந்த ஆசிரியை அக்காவுக்கும், உண்டியலை உடைத்துக் கொண்டுவந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஊரே கடமைப்பட்டிருக்கிறது. கூலியே வேண்டாம், சாமான் மட்டும் வாங்கிக் கொடுங்கள் என்ற சைக்கிள் கடை அண்ணனைப் பற்றி என்ன சொல்வது! ₹1,400 கணக்கில் கூலியே இல்லாதது அவரால்தான்.

அய்யனாருக்குக் குதிரை எடுப்பதாக நேர்ந்துகொள்ளும் ஊர் இது. இந்த வருஷம் ஒரு பிள்ளைக்கு இரும்புக் குதிரை எடுத்துக் கொடுங்கள், அய்யனார் கோபித்துக்கொள்ள மாட்டார். அப்புறம், திருவிழாவுக்கு ஒலிபெருக்கியும் வாணவேடிக்கையும் ஒரே வாரத்தில் ஏற்பாடாகின்றன. அந்தக் கைகளில் சில இந்தக் குழுவின் நோட்டில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பெயர் சொல்ல மாட்டோம், அவர்களுக்கே தெரியும்.

பணமாகத் தர முடியாதவர்கள் டயர், டியூப் வாங்கித் தரலாம். ஞாயிற்றுக்கிழமை பழைய பாகங்களைக் கழற்ற ஆள் வேண்டும், வரலாம். ரொக்கமாகக் கொடுப்பவர்கள் முத்திரையிட்ட ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யாராவது வசூலித்தால் உடனே குழுவுக்குத் தெரியப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
மாணவர் சைக்கிள் குழுவினர்