பிள்ளைக்குச் சுற்றுகிறதா, இருட்டுகிறதா?

ஆசிரியருக்கு,

வாய்க்காலில் தண்ணீர் வந்தாயிற்று. மதகிலிருந்து பிள்ளைகள் குதிக்கத் தொடங்கிவிட்டார்கள். காதில் சீழ் வடியும் பிள்ளையை மட்டும் அதில் விடாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் குளிர்ந்த நீர் நேரே நடுக்காதுக்குப் போய், அதை ஒட்டியிருக்கும் உள்காதில் தலையின் அசைவை உணரும் அரைவட்டக் குழலைக் குளிரவைக்கும். குழலுக்குள் திரவம் நகர, தலை சுழல்வதாக மூளை நம்பிவிடும். தண்ணீருக்கடியில் மேல் எது, கீழ் எது என்று தெரியாமல் போனால் நன்றாக நீந்தும் பிள்ளையும் மூழ்கும். காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம். தலைக்குக் குளிக்கையில் வாஸ்லின் தடவிய பஞ்சு போதும்.

‘தலை சுத்துது’ என்று இரண்டு சங்கதியை ஒரே சொல்லில் சொல்வதில்தான் பாதிக் குழப்பம். வெறும் வயிற்றோடு காலைப் பிரார்த்தனையில் நின்று, கண் இருட்டிச் சரிவது மயக்கம், ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் பார்க்க வேண்டும் (5 முதல் 11 வயதில் ஹீமோகுளோபின் 11.5 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை). சுவரே சுழல்வது வேறு. மூன்று வயதுக்கு அதைச் சொல்லத் தெரியாது. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென வெளிறி, அம்மாவின் புடவையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அலறும், கருவிழி ஒரு பக்கமாக வெட்டி வெட்டி இழுக்கும், வாந்தியும் வரலாம். சில நிமிடத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடிவிடும். ‘பயந்த கோளாறு’ என்று வேப்பிலை அடிப்பது பல வீடுகளில் இதற்குத்தான். பெரும்பாலும் இது ஒற்றைத் தலைவலியின் பங்காளி. அம்மாவுக்கோ பாட்டிக்கோ அது உண்டா என்று கேளுங்கள்.

அப்படிச் சுற்றும்போது பிள்ளையைப் பாயில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, செல்போனில் கண்ணை இருபது விநாடி வீடியோ எடுங்கள். மருத்துவரிடம் வருவதற்குள் கண் ஆட்டம் நின்றிருக்கும். தேதி, எத்தனை நிமிடம், முந்தைய இரவுத் தூக்கம், சாப்பிட்ட நேரம், தலைவலி உண்டா என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். தூக்கமும் சாப்பாடும் நேரத்துக்கு அமைந்தாலே பல பிள்ளைகளுக்குக் குறையும். செவித்திறன் சோதனையும் அவசியம்.

தாத்தாவின் தலைசுற்றல் மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்காதீர்கள். அந்த மாத்திரைகளில் ஒன்றான புரோகுளோர்பெரசின் சில பிள்ளைகளுக்குக் கழுத்தையும் நாக்கையும் முறுக்கிவிடும். வலிப்பென்று வீடே அலறும்.

விடியற்காலைத் தலைவலியோடு வாந்தி, தள்ளாடும் நடை, இரட்டைப் பார்வை, திடீர்ச் செவிட்டுத்தன்மை, நினைவு தப்புதல், தலையில் அடிபட்ட பிறகு சுற்றல்: இவற்றுக்கு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்றபடி எல்லாப் பிள்ளைக்கும் ஸ்கேன் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

ஜூனில் பள்ளி திறக்கிறது; மேட்டூர் அணை திறக்க வழக்கமான தேதி ஜூன் 12. இனி ஆண்டுதோறும் கடைமடைக்குத் தண்ணீர் வருமுன், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு ஒவ்வொரு காதிலும் விளக்கடித்துப் பார்த்து, ஓட்டைக்காதுப் பிள்ளைகளின் வீட்டுக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

– காது மூக்கு தொண்டை மருத்துவர்கள், மன்னார்குடி