தண்ணிக்கு வெளிய கணவாய்க்க கை நிக்காது

அன்புள்ள மக்களே,

‘20,000 லீக்ஸ் அண்டர் த சீ’ படத்துக்கு நீ எழுதித் தந்த அரைப்பக்க விமர்சனத்துக்கு எங்கள் பதில் இது. ‘தண்ணிக்கு வெளிய கணவாய்க்க கை நிக்காது. படம் பொய்’ என்று எழுதி, பத்துக்கு நாலு மார்க் போட்டிருக்கிறாய். கேப்டன் நெமோவின் நீர்மூழ்கிக் கப்பலை ராட்சதக் கணவாய் மீன் ஒன்று தண்ணீருக்கு மேலே கையைத் தூக்கித் தாக்குகிற காட்சியைத்தான் சொல்கிறாய்.

கணவாயைப் பற்றி நீ சொன்னது நூற்றுக்கு நூறு சரி. குமரி மாவட்டத்து நீரோடிக் கரையில் வள்ளத்திலிருந்து கணவாய் இறக்குவதைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு அது உடனே தட்டுப்படும். அதன் கையில் எலும்பு கிடையாது. கடல்நீர் தாங்கும்வரைதான் வலு. வெளியே வந்தால் துவண்டுவிடும்.

1954-ல் வெளிவந்த இந்தப் படத்தை எடுத்தவர்களும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டார்கள். முதலில் செய்த கணவாயின் கைகளில் இலவம்பஞ்சு அடைத்து, மேலிருந்து கம்பி கட்டித் தூக்கினார்கள். பஞ்சு தண்ணீர் குடித்துக் கனத்தது, கம்பிகள் அறுந்தன. அறாத கம்பிகளோ கண்ணுக்குத் தெரிந்தன. காட்சியை அந்திச் சிவப்பு வானத்தின் கீழ், அலையில்லாத கடலில் வைத்திருந்தார்களே, எதுவும் மறையவில்லை. இயக்குநர் ரிச்சர்ட் ஃபிளைஷர் அதைக் கழித்துவிட்டு இரவு, புயல், மழை என்று மாற்றித் திரும்ப எடுத்தார். புதுக் கணவாய் சுமார் 2 டன். ஆட்டிவைக்க 28 பேர். அந்த மழையும் அலையும் பயமுறுத்த மட்டுமல்ல, கம்பியை மறைக்கவும்தான். ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கரும் கிடைத்தது.

ராட்சதக் கணவாய் நிஜத்தில் உண்டு, 12 மீட்டருக்கும் மேல் வளரும். ஆனால் ஆழத்தில் உயிரோடு அதை முதன்முதலில் புகைப்படம் எடுத்ததே 2004-ல், ஜப்பானின் ஒகசவாரா தீவுகள் பக்கம். அது எப்படி அசையும் என்று பார்த்துச் செய்ய அன்றைக்கு வழியே இல்லை.

தலைப்பில் வரும் 20,000 என்பது ஆழம் இல்லை மக்களே, கப்பல் ஓடிய தூரம். ஒரு லீக் 4 கி.மீ. என்று வைத்தால் 80,000 கி.மீ., பூமியை இரண்டு சுற்று.

நடுவில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்றாய், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கடலடியில் நடக்கும் காட்சிகளுக்கு இன்னும் மார்க் தந்திருக்கலாம். பஹாமாஸ் கடலுக்குள் நிஜ முக்குளிப்பாளர்களை இறக்கி எடுத்தவை அவை. இது அகலத்திரைப் படம், டிவியில் ‘ஜூம்’ போட்டுப் பார்த்தால் இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டுப் பாதிப் பேர் காணாமல் போவார்கள். மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும், விளக்கை அணைத்துவிட்டுப் பார்.

நெமோ எந்த ஊர்க்காரர் என்று கேட்டிருந்தாய். இந்தக் கதையை எழுதிய பிரெஞ்சு நாவலாசிரியர் ஜூல் வெர்ன் பின்னால் எழுதிய ‘மர்மத் தீவு’ நாவலில் நெமோ மத்திய இந்தியாவின் புந்தேல்கண்ட் இளவரசர் டக்கார், வெள்ளையரை எதிர்த்தவர். 1870-ல் வந்த மூலக்கதையிலேயே, மன்னார் வளைகுடாவில் சுறாவிடம் சிக்கிய ஓர் ஏழை முத்துக்குளிப்பாளரைக் காப்பாற்றி, கை நிறைய முத்தும் கொடுத்து அனுப்புகிறார். படத்தில் அந்தக் காட்சியே இல்லை. மார்க் குறைப்பதானால் அதற்குக் குறை, நாங்களும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறோம்.