பிழை யார் தலையில் விழுகிறது?

ஐதராபாத்

அன்புள்ள சங்கரலிங்கம்,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்து, உன் கைப்பட நாலு பக்கம் எழுதும் அளவுக்குத் தேறிவிட்டாய் என்று பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். தெலுங்கு ஓரளவு பேச வந்துவிட்டது. படிப்பதற்குத்தான் இன்னும் பேரனின் துணை வேண்டியிருக்கிறது.

நலத்திட்டப் பயனாளிகளில் தகுதியற்றவர்களைக் கண்டறியும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளை உருவாக்கும் குழுவில் பூங்கொடி சேர்ந்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். நாம் தூக்கி வளர்த்த பிள்ளை இவ்வளவு பெரிய பொறுப்புக்கு வந்திருப்பதில் உனக்குள்ள பெருமை எனக்கும் உண்டு. அதோடு, ‘தாசில்தாருக்குச் சாதி தெரியும், கட்சி தெரியும், கையை நீட்டவும் தெரியும், இயந்திரத்துக்கு இவை எதுவும் தெரியாது, ஆகவே ஏழைக்கு அதைவிட நல்ல நீதிபதி கிடைக்கமாட்டார்’ என்று எழுதி என் கருத்தைக் கேட்டிருந்தாய். உன் கோபத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. இறந்தவர் பெயரில் அரிசி போனதையும், கையெழுத்துக்குக் காசு கேட்டதையும் நாம் இருவரும் கண்ணால் பார்த்திருக்கிறோம். கணினி வந்தபின் அந்தத் திருட்டில் ஒரு பகுதி ஒழிந்தது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனாலும் நீ வந்து சேர்ந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

புள்ளியியல் துறையில் படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிய நமக்கு, தரவு எப்படிப் பிறக்கிறது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வயது கேட்டால், தனுஷ்கோடிப் புயல் அடித்த வருடம் நான் கைக்குழந்தை என்று ஓர் அம்மா சொல்வார். நாம் 1964-ஐ வைத்துக் கணக்குப் போட்டு ஓர் எண்ணை எழுதுவோம். மற்றவர்கள் நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது என்று முழுமையாகவே சொல்வார்கள். அதனால் வயதுப் பட்டியலில் 0, 5 என முடியும் எண்களில் கூட்டம் சேர்ந்துவிடும். அந்தக் கோணலை அளப்பதற்கு விப்பிள் குறியீடு என்று ஒரு கணக்கே உண்டு. ஒரு மாவட்டத்தின் நிலையைச் சொல்வதற்கு அப்படிப்பட்ட எண்கள் போதும், ஏனெனில் கூட்டத்தில் பிழைகள் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டும், மிஞ்சுவதையும் திருத்த வழி உண்டு. அதே எண்ணைத் தனியே உருவி எடுத்து, இந்த அம்மாவுக்கு இன்னும் அறுபது ஆகவில்லை, ஓய்வூதியம் கிடையாது என்று தீர்ப்பெழுதுவது முற்றிலும் வேறு காரியம். அங்கே பிழையை ஈடுகட்ட அவருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

நான் இப்போது குடியிருக்கும் இந்த மாநிலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தெலங்கானா அரசு ‘சமக்ர வேதிகா’ என்ற ஒரு மென்பொருள் அமைப்பை உருவாக்கியது. வாகனப் பதிவு, சொத்து, மின் இணைப்பு என்று வெவ்வேறு துறைகளில் சிதறிக் கிடக்கும் பதிவுகளில், பெயரும் முகவரியும் ஒத்துப்போகிறவற்றை ஒரே ஆளுடையவை என்று அது முடிச்சுப் போடும். அப்படித் தொகுத்ததைக் கொண்டு இவர் வசதியானவர், மானிய அரிசிக்குத் தகுதியற்றவர் என்று சுட்டிக்காட்டும். 2014-க்குப் பின் சில ஆண்டுகளில் இங்கே சுமார் 19 இலட்சம் உணவுப் பாதுகாப்பு அட்டைகள் இரத்தாயின. பலருக்கு ஒரு முன்னறிவிப்புக்கூடப் போகவில்லை. இரத்தானவர்களில் ஒருவர் இந்த ஊர் மூதாட்டி. ரிக்‌ஷா ஓட்டிப் பிழைத்த அவருடைய கணவரின் பெயரும், கார் வைத்திருக்கும் வேறொருவரின் பெயரும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தன. அந்தக் கார் இந்தக் குடும்பத்தின் கணக்கில் ஏறிவிட்டது. கணவர் புற்றுநோயில் இறந்துபோனார். தன்னிடம் கார் இல்லை என்பதை நிரூபிக்கும் வேலை அந்த அம்மாவின் தலையில் விழுந்தது. இருப்பதற்குத்தான் பத்திரம் உண்டு, இல்லாததற்கு எந்த அலுவலகம் சான்று கொடுக்கும்? 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, இரத்தான அட்டைகளை நேரில் சென்று மறுபடியும் சரிபார்க்கச் சொன்னது. அதாவது நீயும் நானும் செய்த வேலையை, ஆள் போய் வீட்டைப் பார்த்து எழுதும் வேலையை, கடைசியில் செய்ய வேண்டியதாயிற்று.

பெயர் ஒப்பீட்டுக்கு உன் ஊரை விடக் கடினமான இடம் வேறு உண்டா? தாமிரபரணிக் கரையில் ஒரு தெருவில் எத்தனை இசக்கிமுத்து, எத்தனை சுடலைமுத்து! அவர்களில் ஒருவருக்கு ஆதாரில் ஓர் எழுத்துக்கூட்டல், வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று. தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஓர் அட்டையில் முன்னால் நிற்கும், மற்றொன்றில் பின்னால் நிற்கும், மூன்றாவதில் முழுப்பெயராக விரிந்திருக்கும். பூங்கொடியின் மென்பொருள் இவர்களை எப்படிப் பிரித்து அறியப்போகிறது என்று முதலில் கேள்.

நம் பாடத்தில் முதல்வகைப் பிழை, இரண்டாம்வகைப் பிழை என்று படித்தோமே, அதை வைத்தே யோசித்துப் பார். தகுதியற்றவரை உள்ளே விடுவது ஒரு பிழை. தகுதியுள்ளவரை வெளியே தள்ளுவது மற்றொரு பிழை. ஒன்றைக் குறைக்க வலையை இறுக்கினால் மற்றது கூடும். முன்னதில் அரசுக்குச் சில மூட்டை அரிசி நட்டம். பின்னதில் ஒரு குடும்பத்துக்கு அந்த மாதச் சோறு போகிறது. இரண்டையும் ஒரே தட்டில் நிறுக்க முடியாது. என்னை மிகவும் கலங்கச் செய்வது இதற்கு அடுத்த படி. நீக்கப்பட்ட அட்டைகளின் எண்ணிக்கையை ஓர் அட்டைக்கு ஆகும் மானியத்தால் பெருக்கி, அத்தனையும் அரசுக்கு மிச்சம் என்று அறிக்கை எழுதினால், அநியாயமாக வெளியே தள்ளப்பட்ட விதவையின் அரிசியும் அந்த மிச்சத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. இயந்திரம் எவ்வளவு தப்பாக நீக்குகிறதோ அவ்வளவுக்கு அது வெற்றி பெற்றதாகத் தெரியும். தப்பாக நீக்கப்பட்டவர்களை யாரும் தேடிப்போய் எண்ணாதவரை இந்தக் கணக்கு பொய்க்கணக்குதான்.

எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் துலக்க வரும் லட்சுமியம்மா, ரேஷன் கடைக்குப் போகவேண்டிய நாளுக்கு முந்தைய இரவு விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுக்கிறார். காலமெல்லாம் சோப்பிலும் நாரிலும் தேய்ந்த விரல். கைரேகை விழாதோ என்ற பயம். கடையில் முந்தானையால் விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார். கட்டைவிரல் ஏற்காவிட்டால் ஆள்காட்டி, அதுவும் ஏற்காவிட்டால் அடுத்தது. பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. பல ஆண்டுகளாக அவரை அறிந்த கடைக்காரர் எதிரிலேயே நிற்கிறார், ‘நீதான் லட்சுமி’ என்று சொல்லும் அதிகாரம் மட்டும் அவரிடம் இல்லை. இது ஒருவருடைய துன்பம் மட்டும் அன்று. மத்திய அரசின் 2016–17 பொருளாதார ஆய்வறிக்கையே, ஆதார் சரிபார்ப்பு தோல்வியடையும் அளவு ஜார்க்கண்டில் 49 விழுக்காடு, ராஜஸ்தானில் 37 விழுக்காடு என்ற மதிப்பீடுகளை எடுத்துச் சொல்லியிருந்தது. உழைத்துத் தேய்ந்த கைகளிலும் வயதானவர்களின் கைகளிலும்தான் ரேகை முதலில் மங்குகிறது. யாருக்காக அந்தக் கடையைத் திறந்தோமோ அவர்களைத்தான் இயந்திரம் முதலில் அடையாளம் தெரியாதவர்கள் என்கிறது.

இயந்திரத்துக்குச் சாதி தெரியாது என்றாயே, அதற்கு வருகிறேன். சாதிக் கட்டத்தைப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டால் சாதி போய்விடுமா? தெருப் பெயரில் அது இருக்கிறது, தகப்பனார் தொழிலில் இருக்கிறது. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழ்நாடு அரசு 2025-இல் அறிவித்ததே, முகவரியில் உள்ள அந்த ஒரு சொல் ஒருவரின் சாதியைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பதால்தான். பழைய பதிவுகளைப் படித்துப் பழகும் எந்த மென்பொருளும், பழைய அதிகாரி யாரை எல்லாம் சந்தேகித்தாரோ அவர்களைச் சந்தேகிக்கவே பழகும்.

நெதர்லாந்தில் இதுதான் நடந்தது. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்பவர்களைப் பிடிக்க அந்நாட்டு வரித்துறை 2013 முதல் ஒரு மதிப்பீட்டு மென்பொருளைப் பயன்படுத்தியது. டச்சுக் குடியுரிமை இல்லாமை அதில் சந்தேகத்துக்குரிய குறிகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அது சுட்டிக்காட்டிய கோப்பைப் பார்க்கும் ஊழியருக்கு, ஏன் சுட்டியது என்ற விவரம் கொடுக்கப்படவில்லை. சிறு எழுத்துப்பிழைக்கும் முழுத்தொகையையும் திருப்பிக் கேட்ட கடுமையான சட்டமும் அதனுடன் சேர, பல்லாயிரம் பெற்றோர் கடனில் மூழ்கினார்கள், குடும்பங்கள் சிதைந்தன, பாதிக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அரசுக் காப்புக்கு மாற்றப்பட்டார்கள். 2021 ஜனவரியில் பிரதமர் ரூட்டேயின் அமைச்சரவையே பதவி விலகியது. ஆஸ்திரேலியாவில் உதவித்தொகை வாங்கியவர்களின் கடனைக் கணினியே கணக்கிட்ட, ‘ரோபோடெட்’ என்று பெயரெடுத்த திட்டத்தில் நுண்ணறிவு என்று சொல்ல எதுவுமே இல்லை. ஆண்டு வருமானத்தை இரண்டு வாரக் கூறுகளாகச் சராசரி போட்டு, ஏழைகள் மேல் இல்லாத கடனைச் சுமத்தினார்கள். அதை விசாரித்த அரச ஆணையம் 2023-இல், அந்தத் திட்டம் கொடூரமானது, நியாயமும் சட்டமும் அற்றது என்று தீர்ப்புச் சொன்னது. வளர்ந்த நாடு, படித்த மக்கள், நேர்மையான அதிகாரிகள் என்று பேர் வாங்கிய இடங்கள் இவை. அங்கும் அடி வாங்கியவர்கள் உதவித்தொகை வாங்குகிறவர்கள்தான் என்பதைக் கவனி.

இன்னொன்றும் உன்னிடம் சொல்ல வேண்டும், நம் தொழிலின் மானம் அதில் இருப்பதாக நினைக்கிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வாசலில் நின்று, நீங்கள் சொல்வது வெளியே போகாது என்று உறுதி சொல்லித்தான் கேள்வி கேட்போம். அது வெறும் வாய்வார்த்தை அல்ல. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, அந்தப் பதிவுகளை யாரும் பார்வையிட முடியாது, நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் வைக்க முடியாது என்கிறது. சொன்னவருக்கு எதிராகச் சொன்னதைத் திருப்பமாட்டோம் என்ற அந்த நம்பிக்கையில்தான் ஜனங்கள் நமக்குத் திண்ணையில் இடம் கொடுத்தார்கள், உண்மையும் சொன்னார்கள். இப்போது மின் இணைப்புக்குக் கொடுத்த விவரம் அரிசியை நிறுத்த வந்து நிற்கிறது. 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமும் மானியம், நலத்திட்டம் என்று வரும்போது அரசின் கையில் ஏற்கனவே உள்ள தரவைப் பயன்படுத்த வழி விட்டிருக்கிறது. வாசலில் கொடுத்த வாக்கு இப்படித் தளர்ந்துபோனால், 2027 கணக்கெடுப்புக்குக் கைபேசியோடு வரும் இளம் கணக்கெடுப்பாளரிடம் எவர் மனம் திறந்து பேசுவார்?

தாசில்தார் அலுவலகத்தில் அவமானம் உண்டு, ஆனால் அங்கே ஒரு முகம் உண்டு. அழுது கேட்கலாம், ஊர்ப் பெரியவரைக் கூட்டிப் போகலாம், மறியல் செய்யலாம், மனுநீதி நாளில் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். ‘சிஸ்டத்தில் அப்படித்தான் வருகிறது’ என்ற பதிலுக்கு எதிரே யாரிடம் போய் நிற்பது? இயந்திரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சந்தேகிக்கும் வேலையை அது செய்யட்டும்; நீக்கும் அதிகாரத்தை அதனிடம் கொடுக்காதீர்கள் என்கிறேன்.

ஆகவே பூங்கொடியிடம் இவற்றைக் கேட்டு எழுது. அவர்கள் மென்பொருள் ஒரு பெயரைச் சுட்டினால், உதவியை நிறுத்துவதற்கு முன் அந்த வீட்டுக்கு யார் போகிறார்கள்? எந்தப் பதிவை வைத்துச் சந்தேகப்பட்டோம் என்று அந்த ஆளுக்குத் தமிழில், எழுத்தில் சொல்கிறார்களா? விசாரணை முடியும்வரை அரிசியும் ஓய்வூதியமும் தொடர்ந்து போகிறதா? நீக்கியவர்களில் ஒரு மாதிரிக் கூறை எடுத்து, நம்மைப் போல நேரில் போய்ச் சரிபார்த்து, தப்பாக நீக்கியது எத்தனை என்று வெளியிடுவார்களா? கூறெடுக்கும் முறை பற்றி ஐயம் இருந்தால் என்னைத் தொலைபேசியில் அழைக்கச் சொல், மாலை நான்கு மணிக்கு மேல் எப்போதும் வீட்டில்தான் இருப்பேன். தீபாவளிக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வா. லட்சுமியம்மா வரும் நேரத்தில் அவளும் வீட்டில் இருக்கும்படி ஏற்பாடு செய்கிறேன். அவள் கேட்கவேண்டியவற்றை நேரிலேயே கேட்டுக்கொள்ளட்டும்.

என்றும் அன்புடன்,
குருசாமி