ரெட்டைக் கர்ப்பமும் மலைப்பாதையும்

ஐயா,

ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்குப் போகும் என் அக்கா மகளுக்கு இரட்டைக் குழந்தை. ஏழாம் மாதம் கால் வீங்கியது. "ரெட்டைப் பிள்ளைன்னா அப்படித்தான்" என்று எல்லோரும் சொன்னோம், நானும்தான். அப்புறம் இரண்டு நாள் விடாத தலைவலி, கண் மங்கல். ஒரு விடியற்காலையில் வலிப்பு வந்துவிட்டது. யாரோ கையில் சாவியைத் திணித்தார்கள். இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதுவும் வைக்கக் கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி சேலம் போய்ச் சேர்ந்தோம். தாயும் பிள்ளைகளும் பிழைத்தார்கள்.

இந்த வீக்கம், தலைவலி, வலிப்பு எல்லாவற்றுக்கும் காரணம் கர்ப்ப காலத்தில் ஏறிய ரத்த அழுத்தம். ஒற்றைக் கர்ப்பத்தைவிட இரட்டைக் கர்ப்பத்தில் இந்த ரத்த அழுத்தக் கோளாறு இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்கிறார்கள் மருத்துவர்கள். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு அழுத்தம் 140/90 தொட்டாலே சும்மா இருக்கக் கூடாது. பிரசவம் முடிந்தபின்கூட வலிப்பு வரலாம்.

வலிப்பை அடக்கும் மெக்னீசியம் சல்பேட் ஊசி விலை மலிவானது. முதல் டோஸை மலையிலேயே போட்டுவிட்டு 108-இல் ஏற்ற வேண்டும். எங்களுக்கு அது கிடைக்கவில்லை. சேர்வராயன் மலைக் கிராமங்களில் இரட்டைக் கர்ப்பிணிகளைத் தனியாகக் கணக்கெடுத்து, கிராம செவிலியர் வாரம் ஒருமுறை வீட்டுக்கே போய் அழுத்தம் பார்க்க ஏற்பாடு செய்யவேண்டும். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு எத்தனை பேர் கீழே இறங்கி வருவார்கள்?

— தோட்டக் கணக்குப்பிள்ளை ஒருவர், ஏற்காடு