திருவிழாக் குழுவினருக்கு: அடுப்புக்கு முதலில் இடம் ஒதுக்குங்கள்

காவிரி டெல்டா ஊர்களின் கோயில் திருவிழாக் குழுவினருக்கும் கல்யாண மண்டபக்காரர்களுக்கும் வணக்கம்.

மேடை, மைக் செட், மேளம், பந்தி என்று எல்லாவற்றுக்கும் இடம் பார்த்த பிறகு மிஞ்சுகிற மூலைதான் சமையலுக்கு வருகிறது. பெரும்பாலும் அது சாக்கடை ஓரம், இல்லையென்றால் கீற்றுக் கொட்டகை, அதுவும் இல்லையென்றால் பழைய கோட்டை அடுப்புக்குத் தோண்டிய பள்ளம். விறகுக் காலத்துப் பழக்கம். கேஸ் அடுப்புக்கு இந்த மூன்றும் ஆகாது. மாஸ்டர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் இடத்தை முடிவு செய்வது நீங்கள்தான். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறோம்.

சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். கசிந்தால் மேலே போகாது. தரையோடு ஊர்ந்து பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பிடிக்க ஒரு பொறி போதும். கீற்றைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கட்டுத் தீ கூரைக்கு ஏறியதில் 94 குழந்தைகள் போனார்கள். அடுப்புக்கு மேல் தகரக் கொட்டகை போடுங்கள். பத்தடிக்குக் குறையாத உயரம், பக்கங்கள் திறப்பு. மழை வந்துவிட்டது என்று பிளாஸ்டிக் தார்ப்பாயை இழுத்துக் கட்ட வேண்டாம், உருகி அண்டாவில் சொட்டும்.

அடுத்தது தரை. 25 கிலோ அரிசிக்கு 50 லிட்டர் தண்ணீர் என்றால் 75 கிலோ. அண்டாவின் எடை தனி. நம் களிமண் ஈரமாக இருந்தால் ஸ்டாண்டின் ஒரு கால் மட்டும் மெல்லப் புதையும். அண்டா சாயும், கொதிக்கும் கஞ்சி வழிந்து தீயை அணைக்கும், கேஸ் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருக்கும். தீ அணைந்தால் தானாக மூடிக்கொள்ளும் வசதி இந்த வகை பர்னர்களில் பொதுவாக இருப்பதில்லை. ஒவ்வொரு காலுக்கும் அடியில் கடப்பைக் கல் துண்டு ஒன்று கொடுங்கள், போதும்.

சிலிண்டர் விஷயத்தில்தான் குழுவோடு அதிகம் தகராறு வருகிறது. செலவு குறையும் என்று வீட்டுச் சிவப்பு சிலிண்டரைக் கொண்டுவந்து வைக்காதீர்கள்; சட்டப்படி தப்பு. 19 கிலோ சிலிண்டர் ஒன்றில் இரண்டு பெரிய பர்னரை மாட்டினால், உள்ளே திரவம் ஆவியாகும் வேகம் அடுப்பின் பசிக்கு ஈடுகொடுக்காது. சிலிண்டரின் கீழ்ப்பாதி வியர்த்து, வெள்ளையாகப் பனி படரும், தீ இறங்கிவிடும். உடனே யாராவது வெந்நீர் ஊற்றுவார், இன்னொருவர் சிலிண்டரைப் படுக்கப்போடுவார். படுக்கப்போட்டால் ஆவிக்குப் பதில் திரவமே குழாயில் போய், பர்னரில் ஆள் உயரத்துக்குத் தீ எழும். வழி ஒன்றுதான்: இரண்டு மூன்று சிலிண்டரை மேனிஃபோல்டில், அதாவது பல சிலிண்டரின் கேஸை ஒன்றாகச் சேர்த்துத் தரும் பொதுக் குழாயில், சேர்த்து மாட்டுவது. உரிமம் இல்லாமல் ஒரு நேரத்தில் 100 கிலோவுக்கு மேல் வைக்கக் கூடாது என்பதால் 19 கிலோவில் ஐந்துதான் கணக்கு. சிலிண்டர் நிமிர்ந்தே நிற்கட்டும், அடுப்பிலிருந்து பத்தடி தள்ளி. காற்றைத் தடுக்கும் தகரம் அடுப்புக்குத்தான், அதுவும் மூன்று பக்கம் மட்டும்.

ஹோஸ் நடைபாதையில் கிடக்கக் கூடாது, நடுவில் ஒட்டு இருக்கக் கூடாது. மாட்டியதும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிறவரை வேலைக்கே வைக்காதீர்கள்.

வாடகைக்கு வரும் பர்னர் பல மாதம் குடோனில் கிடந்திருக்கும். காற்றும் கேஸும் கலக்கும் குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தால் தீ மஞ்சளாக எரியும், அண்டா கரிபிடிக்கும், சில நேரம் ‘டப்’ என்று தீ பின்வாங்கி, கேஸ் பீறிட்டு வரும் சின்னத் துளை முனையான ஜெட்டிலேயே எரியும். மெல்லிய கம்பியால் குழலைக் குத்தி எடுத்தால் சரியாகிவிடும். ஜெட் துளையைக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும்.

பற்றவைக்கும்போது நெருப்பு முதலில், கேஸ் பிறகு. பற்றாவிட்டால் மூடிவிட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். முடிக்கும்போது சிலிண்டரை முதலில் மூடி, குழாயில் மிச்சமிருப்பது எரிந்து தீர்ந்ததும் பர்னரை மூட வேண்டும்.

பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்றும் இரண்டு வாளி மணலும் பக்கத்தில் இருக்கட்டும். எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

குழுவில் ஒருவரைச் சமையல் கொட்டகைக்கென்றே நிறுத்துங்கள். சிலிண்டரை மூடுவது எப்படி என்று மாஸ்டர் காட்டித்தருவார். கசிவுக்கு 1906, தீக்கு 101 என்று கொட்டகைக் காலில் எழுதி ஒட்டுங்கள். ஆடிக்குப் பந்தக்கால் நடுவதற்கு முன் ஒருமுறை கூப்பிட்டால் இடத்தைப் பார்த்துச் சொல்கிறோம், அதற்குக் கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
டெல்டா பக்கத்துச் சமையல் மாஸ்டர்களும் கேஸ் அடுப்பு மெக்கானிக்குகளும்