ஆமையைக் குளத்தில் விடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'வளர்க்க முடியாத வெளிநாட்டு ஆமை, ஓணான்களை வெளியே விட்டாலும் பயமில்லை. நம் தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளாமல் தாமாகவே அழிந்துவிடும்' என்று ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். பள்ளியில் விலங்கியல் நடத்தியவள் நான். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஒத்துக்கொள்ளாத தட்பவெப்பம் எத்தனை நாள் ஒத்துக்கொள்ளாமல் இருக்கும்? போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து அமெரிக்காவின் மயாமிக்குப் போய்ச் சேர்ந்த ஓணான் இனம் ஒன்று, சுமார் 35 தலைமுறைக்குள், தீவில் இருக்கும் தன் இனத்தைவிட 3 டிகிரி கூடுதல் குளிரைத் தாங்கப் பழகிவிட்டது. இத்தாலி, பிரான்ஸிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட சுவர்ப்பல்லிகளின் கதை இன்னும் ஆச்சரியம். அங்கே மண்ணில் முட்டை பொரிக்கப் போதிய சூடு கிடையாது. அதனால் தாய்ப்பல்லி முட்டையைக் கூடுதல் நாள் வயிற்றிலேயே வைத்திருந்து, கரு ஓரளவு வளர்ந்த பிறகுதான் இடுகிறது. அந்தக் கருவும் அதே குளிரில், பூர்வீக ஊர்ப் பல்லியின் கருவைவிடச் சீக்கிரம் வளர்கிறது. 2010 ஜனவரிக் குளிரில் ஃபுளோரிடாவில் பர்மிய மலைப்பாம்புகள் ஏராளமாகச் செத்தன. தப்பியவை மறுபடி பெருகின. வெள்ளத்தில் மூழ்கிய வயலில் பிழைத்த கதிரை மட்டும் விதைக்கு எடுத்துவைப்பது மாதிரிதான் இது. டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கடைகளில் விற்கும் சிவப்புக்காது ஆமைக்கு இந்தச் சிரமம்கூடத் தேவையில்லை. அதன் பூர்வீகம் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். பனி உறைந்த குளத்தின் அடியில் கிடந்தே குளிர்காலத்தைக் கடத்திவிடும். எங்கள் மார்கழியில் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். ஐரோப்பிய ஒன்றியம் 1997-லேயே இதன் இறக்குமதியைத் தடுத்தது உங்களுக்குத் தெரியாததா? 2018-ல் திருச்சூர் பக்கம் கால்வாயில் அகப்பட்டபோது கேரளமே பதறியது.

எங்கள் தெருக்கோடிக் கோயில் குளத்தில் இருக்கிறது, ஐயா. உச்சிவெயிலில் படித்துறையில் கழுத்தை நீட்டிக் கிடக்கும். கண்ணுக்குப் பின்னால் குங்குமம் இழுத்தது போலச் சிவப்புக் கோடு. காலடிச் சத்தம் கேட்டால் சரக்கென்று தண்ணீருக்குள் போய்விடும். முன்பு ஆற்றில் தண்ணீர் வந்ததும் வயலுக்கு ஏறிவரும் நம் ஊர்ப் பாலாமையை இப்போது தேடத்தான் வேண்டியிருக்கிறது. குளம் என்றால் இங்கே தனிக் குளம் இல்லை. வாய்க்கால் வழியே காவிரியோடு சேர்ந்தது. ஐப்பசி மழையில் நிரம்பி வழிந்தால் இந்தக் குளத்துச் சிவப்புக்காது ஆமை அடுத்த ஊருக்குப் போய்விடும்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி வாய்க்காலில் ஏறியபோது இதையே எழுதினேன். நான்கு வரியாக வெட்டிப் போட்டீர்கள், அதிலும் மீன் பெயரே இல்லை. போன வருடம் சாரைப்பாம்பு படத்தைப் போட்டுக் 'கொடிய நல்லபாம்பு' என்று எழுதினீர்கள். ஒரு வரி வருத்தம்கூட வரவில்லை. ஆகாயத்தாமரையைப் பற்றி எழுதி எழுதி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. சிறு வயதிலிருந்து உங்கள் பத்திரிகையை வாங்கும் வீட்டுக்கு இவ்வளவு மரியாதைதானா என்று மனது கேட்கிறது.

சரி, இப்போது ஒன்றே ஒன்று செய்யுங்கள். அடுத்த ஞாயிறு அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், 'ஆமையைக் குளத்தில் விடாதீர்கள், வனத்துறை அலுவலகத்தில் கேட்டு ஒப்படையுங்கள்' என்று போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மயிலாடுதுறை