எல்லாம் ‘போலோ’ அல்ல: அருங்காட்சியகக் காப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காப்பாளர்களே,

பிலிப்பைன்ஸ் வாள்களை வைத்திருக்கும் அமெரிக்க, ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்கு இதை எழுதுகிறேன். உங்கள் கண்ணாடிப் பெட்டிகளில் ‘போலோ’, ‘மோரோ வாள்’ என்ற இரண்டு சீட்டுகளே திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. முதலாவது, கையில் கிடைத்த எந்த வெட்டுக்கத்திக்கும் அன்னியர் சூட்டிய பொதுப்பெயராகிவிட்டது. அமெரிக்க ராணுவம் 1909இல் தன் சொந்தக் கத்திக்கே அதை எடுத்துக்கொண்டது. இரண்டாவது, தெற்கத்திய முஸ்லிம்கள் எல்லோரையும் ஒன்றாகக் கட்டி ஸ்பானியர்கள் வைத்த பெயர்.

அந்தக் கட்டை அவிழ்த்துப் பாருங்கள். நுனியை நோக்கி அகன்றுகொண்டே போகும் நெடிய கம்பிலான் வாள், தெற்குத் தீவான மிண்டனாவோவின் மரனாவ், மகிந்தனாவ் மக்களுடையது. அதன் பிடி வாய் பிளந்த விலங்கைப் போலிருக்கும். இலை வடிவில் வயிறு பருத்த, முதுகு தடித்த பாரோங், சூலு தீவுகளின் தவுசுக் மக்களுடையது. (இணையத்தில் தேடினால் முதலில் சட்டைதான் வரும், பாரோங் தகலோக் என்ற ஆடை அவ்வளவு பிரபலம்.) பக்கத்துத் தீவான பசிலானில் யாக்கன் மக்களின் வாள் பிரா.

கிரிஸ் என்ற வாள் இன்னும் சிக்கலானது. அலகு நெளிந்தும் இருக்கும், நேராகவும் இருக்கும். நேராக இருப்பதால் அது வேறு வாளாகிவிடாது. தவுசுக் மக்கள் அதைக் காலிஸ் என்கிறார்கள், மகிந்தனாவ் மக்கள் சுண்டாங் என்கிறார்கள். அதே சுண்டாங் என்ற பெயர், செபு தீவில் தேங்காய் வெட்டும் கத்தியைக் குறிக்கும். உங்கள் சீட்டில் ஊர் இல்லாமல் ‘சுண்டாங்’ என்று மட்டும் எழுதினால், படிப்பவர் எந்தக் கத்தியை நினைப்பார்?

பெயர்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று சொல்வீர்கள். மோதட்டும். ஒரு வடிவத்துக்கு ஒரே பெயர் என்பது சேகரிப்பாளர்களின் வசதி. கத்தியைப் புழங்கும் கிராமத்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. இரண்டு பெயர் இருந்தால் இரண்டையும் அச்சிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தீவையும் மொழியையும் சேருங்கள். பதிவேட்டில் எதுவும் இல்லையென்றால் ‘ஊர் தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். ஊகத்தைவிட அது நேர்மையானது.

சமார் தீவிலிருந்து 1901இல் அமெரிக்க வீரர்கள் எடுத்துச் சென்ற பாலாங்கிகா தேவாலய மணிகள் ஊர் திரும்ப 2018 டிசம்பர் வரை ஆயிற்று. சீட்டு மாற்ற அவ்வளவு காலம் தேவையில்லை. அடுத்த முறை அச்சுக்குக் கொடுக்கும் முன், அந்தந்தத் தீவில் இன்றும் இரும்பு அடிக்கும் பாண்டாய் எனப்படும் கொல்லர்களிடம் படத்தைக் காட்டிக் கேளுங்கள்.

அன்புடன்,
ஒரு பார்வையாளர்